டின்னுக்குள் வெந்த ருசி

“எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும். ஆனாலும் மாதத்தில் ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, டின் பீன்ஸோ டின் சூப்போ திறந்து அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறேன். காலி டின்னைக் குப்பைக்கூடையின் அடியில் தள்ளிவிடுகிறேன். இது வெறும் சிறுவயது ஞாபகமா, அந்த ருசியில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? உடம்புக்குக் கெடுதலா? போன வாரம் என் ஏழு வயது மகள் பார்த்துவிட்டு எனக்கும் வேண்டும் என்றாள். கொடுக்காமல் மறைத்துவிட்டேன்.” கேள்வி இதுதான்.

டப்பா உணவுகளை வெப்பத்தால் பதப்படுத்தும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்திருக்கும் ருசி நிஜமானது. வேறு எந்தப் பாத்திரத்திலும் அது வராது. ஞாபகமும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் டின் உணவின் ருசி ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருப்பதால்தான் அந்த ஞாபகம் இவ்வளவு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெட்கம் மட்டும் வெளியிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் இதே டின்கள் பணக்காரர் மேசையில் இருந்தன.

ருசியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் மதிப்பதில்லை. டின் உணவு என்றால் எங்கோ சமைத்து ஆறவைத்து டப்பாவில் அடைத்த பழைய சாப்பாடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு. பாதி வெந்ததை, சில சமயம் பச்சையாகவே, டின்னில் போட்டு, காற்றை வெளியேற்றி, மூடியை மடித்து இறுக்கி, அதன் பிறகுதான் முழுச் சமையலும் நடக்கிறது. ரிட்டார்ட் என்று ஒரு அழுத்தக் கலன் உண்டு. பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நீராவியில் பெரும்பாலும் 121 டிகிரி செல்சியஸ் வரை டின் சூடாகிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அந்த இருபத்தோரு டிகிரி வித்தியாசம் உணவை வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. அதோடு, மூடிய டின்னிலிருந்து வாசனை ஒரு துளியும் வெளியே போக வழியில்லை. வீட்டுச் சமையலில் புகைபோக்கி வழியாகப் போய்விடும் ஆவி, இங்கே திரும்பத் திரும்ப அதே குழம்பில்தான் இறங்குகிறது.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சோதனை செய்துபார்த்தேன். தக்காளிச் சாற்றில் பீன்ஸ் கலந்த கலவையை மூடுவதற்கு முன்னால் ஒரு வாய், ரிட்டார்டிலிருந்து வெளியே வந்து ஆறிய பிறகு அதே கலவையில் ஒரு வாய். முதல் வாயில் தக்காளி தனியாக, சர்க்கரை தனியாக, பீன்ஸ் தனியாகத் தெரிந்தன. இரண்டாவதில் எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. பீன்ஸின் மாவுச்சத்து சாற்றில் இறங்கி அது வழவழப்பாகியிருந்தது. சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து லேசான காய்ச்சிய மணம் வந்திருந்தது. “டின் ருசி” என்று நாம் சொல்வது இதைத்தான். அன்றைக்குப் பிறகு அதைக் குறைவான ருசி என்று நான் நினைத்ததே இல்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் டின்னில் ஒரு கதை நடக்கிறது. பச்சைப் பட்டாணி ஏன் ஆலிவ் நிறமாகிறது? பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம் சூட்டில் கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் உட்கார்ந்துவிடுகிறது. டின் இனிப்புச் சோளத்தைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மணத்தின் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். சோளத்தில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருள் சூட்டில் உடைந்து அது உண்டாகிறது. மத்தி மீனின் முள் பஞ்சுபோல் மெத்தென்று ஆகிவிடுவதால் முள்ளோடு தின்னலாம், சுண்ணாம்புச் சத்தும் அதோடு உள்ளே போகிறது. சூரை மீன் பெரும்பாலும் இரண்டு முறை வேகிறது, டின்னுக்கு வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை. சால்மனைப் பெரும்பாலும் பச்சையாகவே அடைப்பதால் அதன் சாறு முழுக்க டின்னுக்குள் தங்கிவிடும். அதைக் கொட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அன்னாசியைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை அரிக்கும். நாக்கு எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். டின்னின் சூட்டில் அந்த நொதி செத்துவிடுகிறது. அதனால்தான் சிறுவயதில் அன்னாசியென்றாலே வாய் புண்ணாகும் என்று ஒதுங்கிய குழந்தைகள்கூட டின் அன்னாசியை விரும்பித் தின்றார்கள். ஜெல்லியில் பச்சை அன்னாசி போட்டால் ஜெல்லி உறையாது, டின் அன்னாசி போட்டால் உறையும் என்பதற்கும் இதே காரணம்தான். இன்னொன்று: அன்னாசி, பேரிக்காய் போன்ற வெளிர்நிறப் பழங்களுக்கான டின்களின் உட்புறத்தில் பல நேரம் பூச்சு பூசாமல் வெள்ளீயத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த வெள்ளீயம் மிகச் சிறிய அளவில் சாற்றில் கரைந்து, பழம் கறுத்துப்போகாமல் காக்கிறது, கூடவே ஒரு மெல்லிய கூர்மையையும் கொடுக்கிறது. நமக்குப் பழகிய டின் அன்னாசி ருசியில் பாத்திரத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அந்த வளைய வடிவமும் டின்னோடு சேர்ந்து வந்ததுதான். ஹவாயில் ஜேம்ஸ் டோல் 1901-ல் அன்னாசி நிறுவனம் தொடங்கினார். அங்கே வேலை பார்த்த ஹென்றி ஜினாகா என்ற பொறியாளர் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு இயந்திரம் செய்தார். பழத்தின் தோலைச் சீவி, நடுத்தண்டைக் குடைந்து, டின்னுக்குப் பொருந்தும் உருளையாக அது வெட்டித் தரும். அன்னாசி என்றதும் குழந்தைகள் மஞ்சள் வளையம் வரைகிறார்களே, அவர்கள் வரைவது உண்மையில் டின்னின் விட்டத்தைத்தான்.

இனி ஞாபகம். வாயில் மெல்லும்போது உணவின் மணம் தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. பார்வையும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் இறங்கித்தான் மேலே போகும். மணம் அங்கே இறங்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. எந்த உணவும் பழைய நாளைக் கிளறும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் செய்ததற்கும் டின்னில் வந்ததற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அம்மா செய்தது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். தக்காளி புளித்திருக்கும், உப்பு தூக்கலாக இருக்கும், அம்மாவின் கை தளர்ந்திருக்கும். அம்மா போன பிறகு அது திரும்ப வரவே வராது. டின் சூப் அப்படியல்ல. செய்முறையை மாற்றாத வரை, நீங்கள் எட்டு வயதில் சாப்பிட்டது நாற்பது வயதிலும் அப்படியே கிடைக்கும். ஞாபகத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான மாதிரி கைக்குக் கிடைப்பது வாழ்க்கையில் மிக அரிது. ஒரு நிறுவனம் சூப்பின் உப்பைக் குறைத்தால் மக்கள் இவ்வளவு கோபப்படுவது எனக்குப் புரிகிறது. தங்களுடைய பழைய நாளின் மேல் யாரோ கைவைத்ததாகத்தான் அவர்களுக்குத் தோன்றும்.

ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதே அதன் மேல் விருப்பத்தை வளர்க்கும், காரணம் எதுவும் தேவையில்லை என்று அவர் காட்டினார். உணவுக்கென்றே செய்த ஆய்வல்ல அது. ஆனால் மாறாத ருசியைத் திரும்பத் திரும்பத் தருவதில் டின்னை மிஞ்ச என்ன இருக்கிறது?

இந்த மாறாத தன்மை எவ்வளவு நுணுக்கமாக நம் குழந்தைப் பருவத்தில் இறங்கியிருக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த இரண்டு சான்றுகள். பழக்கலவை டின்னில் செர்ரி எப்போதும் ஒன்றிரண்டுதான் இருக்கும், அதற்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள் இல்லையா? அமெரிக்காவில் அது சட்டத்திலேயே இருக்கிறது. பழக்கலவை என்று பெயர் போட வேண்டுமானால் பீச் 30 முதல் 50 சதவீதம், பேரிக்காய் 25 முதல் 45 சதவீதம், செர்ரி 2 முதல் 6 சதவீதம் என்று கூட்டாட்சி விதி வரையறுத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அண்ணன் தம்பிச் சண்டைக்கு அளவு நிர்ணயித்தது அந்த விதிதான்.

இரண்டாவது, கிரான்பெர்ரி என்ற புளிப்பான சிவப்புப் பழத்தின் ஜெல்லி. அது 1941 முதல் அமெரிக்கா முழுவதும் டின்னில் கிடைக்கிறது. டின்னைக் கவிழ்த்தால் உருளையாக வழுக்கி வெளியே வரும்; டின்னின் உடலில் இருக்கும் வரிகள் அதன் மேல் அச்சாகப் பதிந்திருக்கும். அந்த வரிகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்கும் ரிட்டார்டின் அழுத்தத்துக்கும் டின் நசுங்காமல் இருக்கப் போட்டவை. இருந்தாலும் நன்றி தெரிவிப்பு நாள் விருந்தில் அந்த வரிகள் கலையாமல் வட்டவட்டமாக நறுக்கி வைத்தால்தான் பலருக்குத் திருப்தி. புதுப் பழத்தில் செய்த சட்னியை அருகில் வைத்தாலும் கை முதலில் அந்த உருளைக்குத்தான் போகும்.

ஞாபகத்தில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. பல பேருக்கு டின் உணவுதான் தன் கையால் செய்த முதல் சாப்பாடு. பெரியவர்கள் வேலையிலிருந்து வருவதற்குள், பசிக்கு, தானே திறந்து, தானே சூடாக்கி, தட்டில் ஊற்றிச் சாப்பிட்ட நாள். மூடியில் திறப்பான் இறங்கும்போது “புஸ்” என்று ஒரு சத்தம், வெற்றிடத்துக்குள் காற்று நுழையும் சத்தம். பத்து வயதில் வீட்டில் தனியாக இருந்தவர்களுக்கு அது தன்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையின் சத்தமும்கூட. இனிப்பான கண்டென்ஸ்டு மில்க் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் பால் வராது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் வரும் என்று ஆணியும் சுத்தியலுமாகக் கண்டுபிடித்த அன்றுதான் காற்றழுத்தம் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. பள்ளிப் பாடம் பிறகுதான் வந்தது.

கைப்பக்குவம் என்று நாம் கொண்டாடும் வீட்டுச் சமையலே சில நேரம் டின்னின் பின்பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கும். ஜான் டோரன்ஸ் என்ற வேதியியலாளர் 1897-ல் கேம்பல் நிறுவனத்தில் சூப்பிலிருந்து தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக்கி அடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். டின் சிறிதானது, கனம் குறைந்தது, அனுப்பும் செலவு விழுந்தது. அந்தக் கெட்டி சூப்பைத் தண்ணீர் விடாமல் அப்படியே போட்டால் குழம்புக்கு அடித்தளமாகும் என்பதை வீட்டுப் பெண்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1955-ல் அதே நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரெய்லி என்பவரின் குழு, பச்சை பீன்ஸையும் காளான் சூப்பையும் சேர்த்து அடுப்பில் சுடும் ஒரு பதார்த்தத்தை உருவாக்கியது. வீட்டில் எப்போதும் கைவசம் இருக்கும் பொருள்களைக் கொண்டே செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இன்று அது கோடிக்கணக்கான வீடுகளில் பாட்டி செய்த பண்டிகைப் பண்டம். பாட்டி அதை அன்போடு செய்தது உண்மை. அட்டையில் படித்துச் செய்தார் என்பதால் அந்த அன்பு குறைந்துவிடாது.

உங்கள் வெட்கத்துக்கு வருகிறேன். இந்த வெட்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய் தயாரிப்பாளர், பல ஆண்டுகள் முயன்று, உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துத் தக்கை இறுக்கிக் கொதிநீரில் வைத்தால் கெடாது என்று கண்டார். 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. முறையை எல்லாருக்கும் தெரியும்படி அச்சிட்டு வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்களைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கியது இன்னும் அரை நூற்றாண்டு கழித்து. அதே 1810-ல் இங்கிலாந்தில் பீட்டர் டியூரண்ட் தகரப் பாத்திரங்களுக்கும் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். 1813-ல் பிரையன் டான்கினும் கூட்டாளிகளும் லண்டனில் பெர்மண்ட்சியில் தயாரித்த டின் மாட்டிறைச்சியை அரச குடும்பத்தினர் ருசித்துப் பாராட்டினார்கள். ஒவ்வொரு டின்னும் கையால் செய்து ஈயப்பற்று வைத்து மூடப்பட்டது, ஆகவே விலை சாமானியர்களுக்கு எட்டாது. திறப்பானே அப்போது இல்லை. உளியும் சுத்தியலும் வைத்துத்தான் திறந்தார்கள். திறப்பான் 1850களின் பின்பாதியில்தான் வந்தது.

நீங்கள் ஒளித்துச் சாப்பிடும் அந்த பீன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைன்ஸ் நிறுவனத்தின் டின் பீன்ஸ் 1886-ல் முதன்முதலாக லண்டனில் விற்பனைக்கு வைக்கப்பட்ட இடம், செல்வந்தர்கள் வாங்கும் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடை. கடல் கடந்து வந்த ஆடம்பரப் பண்டமாக அது விற்றது. இயந்திரங்கள் பெருகி விலை இறங்கி, உழைக்கும் வீடுகளின் மேசைக்கு வந்த பிறகுதான் அது “வசதியில்லாதவர் சாப்பாடு” ஆனது. டின்னுக்குள் இருந்தது பீன்ஸ்தான், முன்பும் பின்பும். வாங்குபவர் மாறினார், மரியாதையும் மாறிவிட்டது.

டின்னின் மேல் நியாயமான சந்தேகமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 1852-ல் பிரிட்டிஷ் கடற்படை தன் கிடங்கிலிருந்த இறைச்சி டின்களைத் திறந்து பார்த்தபோது முதலில் திறந்த 306 டின்களில் 42 மட்டுமே உண்ணத் தகுந்தவையாக இருந்தன. மலிவாகச் செய்வதற்காக டின்களைப் பெரிதாக்கியிருந்தார்கள். சூடு நடுப்பகுதி வரை போகவில்லை. என் வேலையின் பெரும்பகுதி இதே பிரச்சினைதான் என்பதால் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். டின்னுக்குள் கடைசியாகச் சூடாகும் ஒரு புள்ளி உண்டு. அங்கே வெப்பமானிக் கம்பியைச் செருகி அளந்து, அந்தப் புள்ளி வெந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் மற்றதெல்லாம். 1890களின் நடுவில் அமெரிக்காவில் சாமுவேல் பிரெஸ்காட், வில்லியம் அண்டர்வுட் இருவரும் கெட்டுப்போன டின்களை ஆராய்ந்து, கொதிநிலையையும் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் இருப்பதைக் காட்டினார்கள். 1922-ல் எஸ்டி, மேயர் என்ற இரு ஆய்வாளர்கள், உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகளைக் கொல்ல எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வேண்டும் என்று அளந்தார்கள். இன்று உலகம் முழுவதும் புளிப்புக் குறைந்த டின் உணவுகளின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதன் பிறகு போர்கள். முதல் உலகப் போரில் பிரெஞ்சு வீரர்கள் டின் மாட்டிறைச்சியைக் “குரங்கு” என்று அழைத்தார்கள். வாரக்கணக்கில் வேறு எதுவும் கிடைக்காதவர்களின் வெறுப்பு அது. வீடு திரும்பிய வீரர்கள் பலர் அந்த வெறுப்பையும் கொண்டுவந்தார்கள். ஆனால் போர் எதிர்ப்பக்கமும் வேலை செய்தது. 1937-ல் ஹார்மெல் நிறுவனம் கொண்டுவந்த ஸ்பேம் என்ற டின் பன்றி இறைச்சி அமெரிக்கப் படைகளோடு பசிபிக் தீவுகளுக்கெல்லாம் போனது. கொரியப் போருக்குப் பிறகு பஞ்சத்தில் இருந்த மக்கள், அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த ஸ்பேமையும் சாசேஜையும் காரக் குழம்பில் போட்டு வேகவைத்துப் பசியாறினார்கள். புதே ஜிகே, அதாவது “படை முகாம் குழம்பு”. சியோலுக்கு வடக்கே உய்ஜொங்பு நகரில் இன்று அதற்கென்றே ஒரு தெரு நிறைய உணவகங்கள். சூசோக் அறுவடைத் திருநாளில் ஸ்பேம் டின்களை அழகான பெட்டியில் அடுக்கி உறவினர்களுக்கும் மேலதிகாரிகளுக்கும் பரிசாகக் கொடுக்கிறார்கள். ஓர் ஊரில் ஏளனமான டின், இன்னோர் ஊரில் சீர்வரிசை.

எத்தோரே பொயார்டியின் கதை என்னை எப்போதும் நெகிழவைக்கும். இத்தாலியில் பியாச்சென்ஸாவில் 1897-ல் பிறந்தவர், முறையாகப் பயின்ற சமையற்காரர். அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் அவர் நடத்திய உணவகத்தின் தக்காளிச் சாறு பிடித்துப்போய் வாடிக்கையாளர்கள் வீட்டுக்குக் கேட்டார்கள். பால் புட்டிகளில் ஊற்றிக் கொடுத்தார். கேட்பவர்கள் பெருகி, 1928-ல் தொழிற்சாலையே வந்தது. தன் பெயரை அமெரிக்கர்கள் சரியாக உச்சரிக்க வேண்டும் என்று “பாய்-ஆர்-டீ” என்று பிரித்து எழுதினார். அந்தப் பெயரில் வரும் டின் ஸ்பகெட்டி குழைந்து கிடக்கிறது என்று கேலி பேசுகிறோம். 121 டிகிரிச் சூட்டைத் தாண்டி வரும் எந்த மாவுப்பண்டமும் குழையத்தான் செய்யும். பல் முளைக்கும் வயதுப் பிள்ளைக்கும் பல் போன முதியவருக்கும் அந்தக் குழைவே வசதியானது. அந்த டின்னின் மேல் இருக்கும் வெள்ளைத் தொப்பிக்காரர் கற்பனை ஆள் இல்லை, உண்மையான ஒரு மனிதர் என்பது பலருக்குத் தெரியாது.

மத்தியைப் பாருங்கள். பிரான்சில் நான்ட் நகரத்தில் 1820களிலேயே ஜோசப் கொலான் மத்தியை எண்ணெயில் டின்னில் அடைக்கத் தொடங்கிவிட்டார். இன்று அங்கே ஆண்டு முத்திரை பதித்த மத்தி டின்களை வாங்கி, எண்ணெய் சீராக ஊற அவ்வப்போது திருப்பி வைத்து, ஐந்தாறு வருஷம் காத்திருந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயதாக ஆக மீன் மெத்தென்று ஆகி, எண்ணெயும் மீனும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவர்கள் யாரும் டின்னைக் குப்பையின் அடியில் ஒளிப்பதில்லை.

உடம்பு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பயப்பட அவ்வளவு இல்லை. சூட்டில் வைட்டமின் சி-யும் பி1-உம் குறிப்பிடத்தக்க அளவு குறைகின்றன. புரதம், நார்ச்சத்து, தாது உப்புகள், மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு ஆகியவை பெருமளவு தங்குகின்றன. தக்காளியின் லைக்கோப்பீனை, வெந்த பிறகே உடல் நன்றாக உறிஞ்சுகிறது. பெர்ட்ரண்ட் என்ற நீராவிப் படகு 1865-ல் மிசூரி ஆற்றில் மூழ்கியது, 1968-ல் அதைக் கண்டுபிடித்துப் பிறகு தோண்டியெடுத்தார்கள். அதில் இருந்த டின்களை 1974-ல் ஆய்வகத்தில் திறந்தபோது நூற்றொன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நச்சுக் கிருமி வளர்ந்த அடையாளமில்லை. நிறமும் மணமும் வைட்டமின் சி-யும் போயிருந்தன, புரதம் இருந்தது.

உண்மையில் கவனிக்க வேண்டியது உப்பு. இரத்த அழுத்தம் இருப்பவர்கள் அட்டையில் சோடியத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உப்புநீரில் வரும் பயறுகளை வடித்துத் தண்ணீரில் அலசினால் உப்பு சுமார் 40 சதவீதம் குறையும். பழம் வாங்கும்போது சர்க்கரைப்பாகில் ஊறியதை விட்டுப் பழச்சாற்றில் இருப்பதை எடுங்கள். டின்னின் உள்பூச்சில் இருக்கும் பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருள் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பல நிறுவனங்கள் வேறு பூச்சுக்கு மாறிவிட்டன, ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் அதைத் தடைசெய்யும் விதியை ஏற்றது. மாதம் ஒரு டின் சாப்பிடும் உங்களுக்கு இது தூக்கம் கெடும் விஷயமல்ல. ஆனால் உப்பிய டின், திறக்கும்போது பீய்ச்சியடிக்கும் டின், மூடியின் மடிப்பில் நசுங்கிய டின், இவற்றை ருசி பார்க்கக்கூடத் தொடாதீர்கள். பாட்டுலினம் நஞ்சுக்கு வாசனை கிடையாது. இதில் மட்டும் நான் எந்தச் சமரசமும் செய்யமாட்டேன்.

அடுத்த முறை நின்றுகொண்டு சாப்பிடாதீர்கள். பீன்ஸைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றிக் குறைந்த தீயில், சாறு கொஞ்சம் வற்றி ஓரம் பளபளக்கும் வரை வையுங்கள். ஏற்கெனவே வெந்தது என்பதால் பலர் கொதித்ததும் இறக்கிவிடுகிறார்கள், அந்த ஐந்து நிமிடத்தில்தான் ருசி கூடுகிறது. வெங்காயம், மிளகாய் என்று எதையும் சேர்த்து அதைத் திருத்தப் பார்க்காதீர்கள், குறைந்தபட்சம் முதல் தட்டிலாவது. நீங்கள் தேடும் ருசி அதில்தான் இருக்கிறது. நல்ல தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மிச்சமிருந்தால் டின்னிலேயே வைக்காமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். முக்கியமாக அன்னாசி, தக்காளி போன்ற புளிப்புப் பண்டங்களை. காற்றுப்பட்டதும் வெள்ளீயம் வேகமாகக் கரையத் தொடங்கும்.

மகளைக் கூப்பிடுங்கள். பீன்ஸ் வேண்டாமென்றால் ஒரு பழக்கலவை டின் வாங்கி வையுங்கள். வளையத்தை இழுத்துத் திறப்பதை நீங்கள் செய்யுங்கள், மூடியின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். “புஸ்” சத்தத்தை அவள் காதருகில் வைத்துக் கேட்கட்டும். அது என்ன சத்தம் என்று நிச்சயம் கேட்பாள், சொல்லிக்கொடுங்கள். கரண்டியை அவளிடம் கொடுத்துவிட்டுச் செர்ரி எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.